கடை வாயிலில் நின்றவர்கள்

தேர்த் திருவிழாவுக்குச் சென்று வந்தவரைக் கேட்டால் தேரின் உயரத்தைச் சொல்வார். உற்சவ மூர்த்தியின் அலங்காரத்தைச் சொல்வார். வடம் பிடித்த கூட்டத்தைச் சொல்வார். ஆளுயரச் சக்கரத்தின் அருகில் குனிந்து, உரிய கணத்தில் முட்டுக்கட்டையைச் செருகித் தேரை மூலை திருப்பியவரைச் சொல்வதில்லை. அவர் இல்லையேல் தேர் கடைவீதிக்குள் புகுந்திருக்கும். திருவிழாப் படம் ஒன்றில் அவர் எப்போதாவது அகப்பட்டால் முதுகு மட்டுமே தெரியும்.

இந்த நினைவு நமக்கு எழுந்தது கோயில் வீதியில் அன்று. அமெரிக்கக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பழைய நிழற்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது. நம் சங்கக் குடும்பங்களில் பலவற்றில் பிள்ளைகள் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் திரும்பி வருகையில் கொண்டுவரும் படங்களில் டிஸ்னிலாந்துக் கோட்டையின் முன் நிற்கும் படம் ஒன்றேனும் தவறாமல் இருக்கும். அப்படங்களில் நாம் நம்மையே பார்க்கிறோம், அது இயல்பு. ஆனால் 1950களிலும் 1960களிலும் எடுக்கப்பட்ட படங்களைச் சற்றுப் பொறுமையாக நோக்கினால், ஓரத்தில் நிற்பவர்கள் மெல்ல நடுவுக்கு வருகிறார்கள். கடையின் படியில் நிற்கும் பெண், துடைப்பத்துடன் வெள்ளுடை அணிந்து நடக்கும் இளைஞன், பலூன் கொத்தைப் பற்றி நிற்கும் பையன், ஐஸ்கிரீம் தட்டை ஏந்தியவள். அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

பூங்காவின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிசுக்குத் தென்கிழக்கே அனஹைம் என்னும் ஊரில், ஆரஞ்சுத் தோப்புகளாய் இருந்த 160 ஏக்கர் நிலத்தில் 1954ஆம் ஆண்டு கட்டட வேலை தொடங்கியது. ஓராண்டுக்குள், ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில், 1955 ஜூலை 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை டிஸ்னிலாந்து அழைப்பாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது, மறுநாள் பொதுமக்களுக்கு. திறப்பு விழா தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அதை நடத்தியவர்களுள் ஒருவர், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ரொனால்டு ரீகன்.

அந்த முதல் நாள் விழாவாக மட்டும் அமையவில்லை. போலி அழைப்புச் சீட்டுகள் பெருகி ஏறத்தாழ 28,000 பேர் உள்ளே புகுந்தனர். வெயில் 100 பாரன்ஹீட் பாகையை எட்டியது. புதிதாய் இட்ட தார் இளகிப் பெண்டிரின் உயர்ந்த குதிகாலணிகள் அதில் புதைந்தன. குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய், கழிப்பறை ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் குறித்த நாளுக்குள் முடிக்க இயலும் என்ற நிலை வந்தது; டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தார். கலியாண வீட்டில் பந்தி தட்டுப்பட்டு நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அந்நாளின் பணியாளர் முகங்களை உணர விளக்கம் வேண்டியதில்லை. பத்திரிகைப் படங்களில் கோட்டையை நோக்கி ஓடும் குழந்தைகளைக் காண்கிறோம். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்கள் படச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டனர்.

பூங்காவின் நுழைவாயிலைக் கடந்ததும் வருவது ‘மெயின் ஸ்ட்ரீட்’ என்னும் கடைத்தெரு. வால்ட் டிஸ்னி 1901இல் சிகாகோவில் பிறந்தவர். 1906 முதல் சில ஆண்டுகள் மிசௌரி மாநிலத்து மார்சலின் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். அச்சிற்றூர்க் கடைத்தெருவின் நினைவே இத்தெருவுக்கு வித்து. கட்டடங்களின் கீழ்த்தளம் மனிதர் புழங்கும் அளவை ஒட்டியும், மேல்தளங்கள் வரவரச் சிறுத்தும் அமைந்தன. அதனால் தெரு உயர்ந்து தோன்றினும் அச்சுறுத்துவதில்லை. பொம்மைக் கொலுவின் படிகளை நாம் அமைக்கும் கணக்கைப் போன்றதொரு கணக்கு.

கொலுவில் செட்டியார் கடை வைப்போம் அல்லவா? அந்தத் தெருவின் கடைகளோ உண்மைக் கடைகள். கட்டுவதற்குப் பணம் போதாத நிலையில் டிஸ்னி பல இடங்களை வெளி நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டார். அப்ஜான் என்னும் மருந்து நிறுவனம் ஒரு பழங்கால மருந்துக் கடையை அமைத்தது. அங்கு மருந்து விற்கவில்லை. பழைய கண்ணாடிக் குப்பிகளையும், ஒரு சாடியில் உயிருள்ள அட்டைகளையும் காட்சிக்கு வைத்து, வந்தவர்க்கெல்லாம் வைட்டமின் மாத்திரைகள் அடங்கிய சிறு புட்டியை இலவசமாகக் கொடுத்தனர். அக்கடை 1970 வரை நீடித்தது. பேங்க் ஆப் அமெரிக்கா ஒரு கிளையைத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இயங்கிய வங்கி அது. 1993 வரை இருந்தது. வுர்லிட்சர் நிறுவனம் பியானோவும் ஆர்கனும் விற்றது. கோடக் நிறுவனம் படச்சுருள் விற்றது. உள்ளாடை நிறுவனம் ஒன்று முன்திண்ணையுடன் கூடிய வீடு போன்ற கடையைத் திறந்து, பெண்டிர் உள்ளாடைகளின் வரலாற்றை இயந்திர பொம்மையொன்றின் வாயால் சொல்ல வைத்தது. குடும்பத்தோடு வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அக்கடை 1956 தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டது.

இக்கடைகளின் உட்புறப் படங்களில் ஒரு புதுமையைக் காணலாம். மருந்துக் கடையில் நிற்பவர் 1900ஆம் ஆண்டின் உடையில் நிற்கிறார். ஆயினும் அவர் கையால் எடுத்துத் தரும் புட்டி 1955ஆம் ஆண்டினது. வங்கியில் பணம் உண்மைப் பணம்; அதை எண்ணித் தந்த பெண்ணின் பாவாடை மட்டும் பாட்டி காலத்தது. அவர்கள் விற்பவர்களா, நடிப்பவர்களா? பூங்கா நிர்வாகம் இதற்குத் தெளிவான விடை வைத்திருந்தது. வான் பிரான்ஸ் என்பவரைக் கொண்டு 1955இலேயே ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவி, அங்குப் புதிய சொற்களைக் கற்பித்தது. வருபவர் வாடிக்கையாளர் அல்லர், விருந்தினர், வேலை செய்பவர் தொழிலாளி அல்லர், நாடகக் குழுவின் உறுப்பினர், உடுத்துவது சீருடை அன்று, வேடம், மக்கள் காணும் இடம் மேடை, மற்றதெல்லாம் திரைமறைவு.

இச்சொற்களில் ஒரு பெருமிதம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. தெருக் கூட்டுபவரை நாடகத்தின் பாத்திரம் என்று சொல்வது அவரை உயர்த்துவதே. ஆயினும் வேடம் கட்டியவர் களைப்பைக் காட்டக்கூடாது. பாத்திரத்துக்குப் பசி இல்லை. பாத்திரத்துக்கு மாதக் கடைசியும் இல்லை. ஆண்கள் மீசை வைத்தல் ஆகாது என்றும் ஒரு விதி இருந்தது. டிஸ்னி தாமே மீசை வைத்திருந்தவர்! விதியோ 2000ஆம் ஆண்டில்தான் தளர்ந்தது. நம் ஊர்க்காரர் பலர் அந்த ஒரு காரணத்துக்காகவே அவ்வேலையை வேண்டாம் என்றிருப்பர்.

தொடக்க ஆண்டுகளின் படங்களில் பணியாளர் மார்பில் ஒரு பித்தளை வில்லை மின்னுகிறது. அதில் இருப்பது பெயர் அன்று, எண். நம் கலெக்டர் கச்சேரிகளில் வில்லைச் சேவகர் அணிந்த வில்லையை அது நினைவூட்டுகிறது. 1962 முதல்தான் எண்ணுக்குப் பதில் பெயர் வந்தது. அதுவும் முதற்பெயர் மட்டும். இன்ன குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லும் பின்பெயர் கிடையாது. எனவே படத்தை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தாலும் நமக்குக் கிடைப்பது பாதிப் பெயரே.

அந்த ஓரத்து முகங்களுள் ஒன்றிரண்டு பிற்காலத்தில் புகழ் பெற்றன. பூங்கா திறந்த 1955இலேயே வழிகாட்டி நூல் விற்கச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் பின்னர் அங்கிருந்த மந்திரக் கடையில் வித்தைப் பொருள்கள் விற்றான். வாங்க வந்தவர் முன் செய்துகாட்டியே கை பழகினான். அவனே நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டின். 1961இல் செயற்கை மலையின் உச்சியிலிருந்து கம்பியில் தொங்கியபடி இரவு வானில் தேவதையாய்ச் சறுக்கி வந்தவரோ டைனி கிளைன் என்னும் அங்கேரிப் பிறப்பினரான பழைய சர்க்கஸ் கலைஞர். அப்போது அவருக்கு வயது 70. கீழே நின்று அண்ணாந்து பார்த்த குழந்தைகள் ஒரு பாட்டி பறக்கிறாள் என்று அறிந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பார்களே என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்தப் படங்கள் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நிறம் மாறாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. குடும்பங்கள் பலவும் பயன்படுத்தியது கோடக்கின் ‘கோடாக்ரோம்’ சுருள். 1935இல் வந்த அச்சுருளின் சாயங்கள், இருளில் பெட்டிக்குள் வைத்திருந்தால் நெடுங்காலம் மங்குவதில்லை. அக்காலத்து வேறு பல வண்ணச் சுருள்கள் சிவந்து வெளிறிவிட்டன. கோடாக்ரோமில் அந்தத் தெருவின் சிவப்புக் கோடிட்ட பந்தல்களும் பணிப்பெண்களின் மஞ்சள் பாவாடைகளும் நேற்றுத் தைத்தவை போல் விளங்குகின்றன. 2009இல் உற்பத்தி நின்றது. எடுத்தவர்கள் மறைந்தபின் வீடு ஒழிக்கும்போது விற்கப்பட்ட பெட்டிகளிலிருந்து சேகரிப்பாளர்கள் இவற்றை மீட்டு வருகின்றனர். ஸ்லைடின் அட்டைச் சட்டத்தில் கழுவிய மாதமும் ஆண்டும் அச்சாகியிருப்பது உண்டு. ‘அம்மா, கோட்டை முன்’ என்பது போல் எடுத்தவர் ஒரு வரி எழுதியிருப்பதும் உண்டு. அம்மாவுக்குப் பின்னால் கடைவாயிலில் நிற்பவளைப் பற்றி ஒரு சொல்லும் இராது. எழுதியவர் மீது குற்றம் இல்லை. அவளை அவர் படம் எடுக்கவே இல்லை. அவள் தானாய் விழுந்தவள்.

தானாய் விழுந்தவர்கள் இருக்க, படம் எடுக்கப்படுவதற்கென்றே நிறுத்தப்பட்டவர்களும் இருந்தனர். பூங்காவின் எல்லைப்புறப் பகுதியில் 1955 முதல் 1971 வரை ‘இந்தியர் சிற்றூர்’ என்று ஒன்று இருந்தது. அமெரிக்காவின் பழங்குடி மக்கள் பலர், வெவ்வேறு குலங்களைச் சேர்ந்தவர்கள், அங்குத் தம் நடனங்களை ஆடினர். 1956 முதல் ஓடத்தில் விருந்தினரை அமர்த்தித் துடுப்பு வலிக்கும் வேலையையும் அவர்கள் செய்தனர். தோளோடு தோள் சேர்த்து அவர்களுடன் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் ஏராளம். மாலுமி ஒருவரின் பிழையால் நம் நாட்டுப் பெயரைச் சுமக்க நேர்ந்த மக்கள் அவர்கள். தம் குலப்பெயரை இழந்து ‘இந்தியர்’ என்று நின்றவர்களை, தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தம் ஊர்ப்பெயரும் மொழிப்பெயரும் அழிந்து ‘மதராசி’ என்று பல்லாண்டுகள் நின்ற நாம் அறிவோம்.

இதே எல்லைப்புறப் பகுதியில் 1955 ஆகஸ்டில் ‘ஆண்ட் ஜெமைமா’ உணவகம் திறந்தது. அங்கு விற்றது பான்கேக். நம் கோதுமை தோசைக்கும் ஆப்பத்துக்கும் இடைப்பட்டதொரு பண்டம், மேலே பாகு ஊற்றியது. ஆண்ட் ஜெமைமா என்பது ஓர் ஆளின் பெயரன்று. தயார்நிலை மாவுப் பொட்டலம் ஒன்றின் வணிகப்பெயர். 1889இல் தோன்றிய அம்மாவின் அட்டையில் தலைத்துணி கட்டிய கருப்பினச் சமையற்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டிருப்பாள். அடிமை முறை ஒழிந்தபின்னும் பண்ணை வீட்டை விட்டு நீங்காமல் எசமானர்க்கு மகிழ்ச்சியுடன் சமைத்துப் போடுபவளாக அவளை விளம்பரங்கள் புனைந்தன. டிஸ்னிலாந்தில் 1964 வரை அவ்வேடம் பூண்டு வாயிலில் நின்று விருந்தினரை வரவேற்றவர் அய்லீன் லூயிஸ் என்னும் அம்மையார்.

அக்காலப் படங்களில் மெயின் ஸ்ட்ரீட் கடைகளின் பணியாளர்களைப் பாருங்கள். வெள்ளை முகங்களே தெரியும். விருந்தினரோடு நேரில் பழகும் வேலைகளில் கருப்பின மக்கள் அமர்த்தப்படாதிருந்தனர். 1960களின் முற்பகுதியில் குடியுரிமை இயக்கத்தினர் இதை எதிர்த்து முறையிட்டனர். அப்பத்தாண்டின் பிற்பகுதியில்தான் நிலை மாறத் தொடங்கியது. அப்படியிருக்க, ஒரு கருப்பினப் பெண் பூங்காவின் நடுவில் நின்று எண்ணற்ற குடும்பப் படங்களில் இடம்பெற்றார் என்றால், அவர் இன்னொருத்தியின் பெயரில் நின்றதால்தான்.

1961 நவம்பரில் பிரதமர் ஜவஹர்லால் நேரு அமெரிக்கப் பயணத்தின்போது டிஸ்னிலாந்துக்குச் சென்றார். மகள் இந்திரா உடன் இருந்தார். தம் 72ஆம் பிறந்தநாளை ஒட்டிய நேரம் அது. வால்ட் டிஸ்னியே அவரை அழைத்துச் சென்று காட்டினார். இரண்டாண்டுகளுக்கு முன் சோவியத் தலைவர் குருஷ்சேவுக்குக் காவல் காரணம் சொல்லி மறுக்கப்பட்ட பூங்கா அது. நேருவும் டிஸ்னியும் சேர்ந்து நிற்கும் படங்கள் புகழ் பெற்றவை. அவருக்கு அய்லீன் லூயிஸ் பான்கேக் பரிமாறியதையும் வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். அடிமைப்பட்ட நாட்டின் விடுதலைக்காக ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தவர் இந்தப் பக்கம். அடிமைப் பெண்ணின் வேடம் தரித்துக் கையில் தட்டேந்தியவர் அந்தப் பக்கம். அந்தக் கணத்தில் யார் மனத்தில் என்ன ஓடியதோ, யாம் அறியோம். ஒருவர் பெயர் நாடறிந்தது. மற்றவர் பெயரை அறிய நூல்களைத் துழாவ வேண்டியிருந்தது.

அந்த வேடத்தை முதன்முதலில் தரித்தவரைத் தேடிப் போனால் 1893ஆம் ஆண்டுச் சிகாகோவுக்குச் சென்று சேர்கிறோம். கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி அங்கு நடந்த உலகக் கண்காட்சிக்கு ஆறு திங்களில் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் பேர் வந்தனர். பெர்ரிஸ் என்பவர் 264 அடி உயரமுள்ள இராட்டினத்தை அங்குதான் நிறுத்தினார். நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் இன்று சுழலும் இராட்சத இராட்டினங்களுக்கெல்லாம் அதுவே மூதாய். அதைக் கண்டு வியந்த டில்யூ என்பவர் 1897இல் நியூயார்க்கின் கோனித் தீவில் வேலியடைத்த கேளிக்கைப் பூங்காவைத் தொடங்கினார். கேளிக்கைப் பூங்காக்களின் குலமரபு இப்படி வளர்ந்தது.

அக்கண்காட்சியில் பெரியதொரு மாவுப் பீப்பாயின் அருகில் நின்று பான்கேக் சுட்டவர் நான்சி கிரீன். கென்டக்கி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, அப்போது அறுபதை நெருங்கியவர். அவரைக் காணக் கூட்டம் நெருக்கியது என்பர். அவரோ தம் பெயரால் அழைக்கப்படவில்லை. சிகாகோவிலேயே வாழ்ந்து 1923இல் மோட்டார் மோதி இறந்தார். அவர் புதைகுழியில் அப்போது பெயர்க்கல் நாட்டப்படவில்லை. அதே 1893இல், அதே நகரில், அதே கண்காட்சியை ஒட்டி நடந்த சமயப் பேரவையில் செப்டம்பர் 11ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் பேசினார். அவரை அனுப்பிவைக்க அளசிங்கப் பெருமாள் முதலான சென்னை இளைஞர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டியதும், இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கியதும் நாம் அறிந்ததே. கைகட்டித் தலைப்பாகையுடன் நிற்கும் அவர் உருவம், நம் வீடுகளில் நாள்காட்டியிலும் சுவரிலும் காண்பது, அப்போது சிகாகோவில் தாமஸ் ஹாரிசன் என்பவர் எடுத்த நிழற்படமே. சுவரொட்டியில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. ஒரே நகரம், ஒரே ஆண்டு, இரண்டு உருவங்கள். சுவரொட்டியில் ஒருவர் பெயர் நிலைத்தது. மாவுப் பொட்டலத்தின் பெயர் மற்றவரை விழுங்கியது.

கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் 50 செண்ட். கைக்கேமரா ஒன்றை உள்ளே கொண்டு செல்லவோ நாளொன்றுக்கு 2 டாலர் கட்ட வேண்டும். யார் படத்தில் விழுவார் என்பதை அந்தக் கட்டணமே பெரிதும் முடிவு செய்தது என்று சொல்லலாம். இலங்கையும் அங்கு ஓர் அழகிய மரமண்டபம் கட்டித் தன் தேயிலையை அருந்தத் தந்தது. மண்டபத்தின் செதுக்கு வேலைப்பாட்டைப் படமெடுத்தனர். அந்தத் தேயிலையை மலைநாட்டுத் தோட்டங்களில் கொய்த கைகள் பெரும்பாலும் தென்னாட்டிலிருந்து கப்பலேறிய தமிழ்க் கைகள். கூடை சுமந்த அவர்களுக்கும் சிகாகோப் படங்களுக்கும் இடையே ஒரு கோப்பையின் தூரந்தான் இருந்தது. கோப்பை மட்டுமே படத்தில் விழுந்தது.

இன்னொருவரையும் இங்கே சந்திக்கிறோம். கண்காட்சிக் கட்டடங்களை எழுப்பிய தச்சர்களுள் எலியாஸ் டிஸ்னி என்பவர் ஒருவர். வால்ட் டிஸ்னியின் தந்தை. பெரும்பொருள் ஈட்டியவர் அல்லர். தொட்டது துலங்காமல் ஊர் ஊராய்க் குடும்பத்துடன் இடம் பெயர்ந்தவர். மகன் கட்டிய மெயின் ஸ்ட்ரீட்டில் ‘எம்போரியம்’ என்னும் பெரிய கடையின் மேல்தளச் சன்னலில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது: எலியாஸ் டிஸ்னி, ஒப்பந்தக்காரர், தொழில் தொடங்கிய ஆண்டு 1895. அப்பனுக்கு மகன் எழுதி வைத்த அந்த ஒரு வரி, அத்தெருவின் பலகைகள் அனைத்திலும் நம் நெஞ்சைத் தொடுவது.

அத்தெருவின் மேல்தளச் சன்னல்கள் பலவற்றில் இவ்வாறு பெயர்கள் உள்ளன. தையற்காரர், வழக்கறிஞர், நில முகவர் என்று கற்பனைத் தொழில்கள் காட்டப்பட்டிருப்பினும் பெயர்கள் உண்மையானவை. பூங்காவை வரைந்தவர்கள், கட்டியவர்கள், நடத்தியவர்கள். சன்னலில் பெயர் ஏறுவது அங்குப் பெரும் சிறப்பு. 1959இல் கோடைகால வேலைக்குச் சேர்ந்து 1998 வரை பூங்காவைப் படமெடுத்த ரெனி பார்டோ என்பவருக்கும் ஒரு சன்னல் கிடைத்தது. 1966இல் கோட்டையின் முன் வால்ட் டிஸ்னியும் மிக்கியும் நிற்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் அவர். படம் எடுத்தவர் பெயர் ஒருவாறு நிலைபெற்றது; நமக்கு மகிழ்ச்சியே. கீழ்த்தளத்தில் அதே சன்னல்களின் அடியில் நாள் முழுதும் நின்று விற்றவர்கள் மேலே ஏறியது மிகக் குறைவு.

திரைமறைவுப் படங்கள் அரியவை. 1961இல் பணியாளர் உணவுக்கூடத்தில் எடுத்ததொன்று இப்போது பலரும் அறிந்தது. விண்வெளி உடை அணிந்தவரும் வேறு பல வேடத்தினரும் தட்டேந்தி ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வெவ்வேறு நூற்றாண்டுகள் சோற்றுக்கு ஒன்றாய் வந்துவிட்டன! தெருக்கூத்து முடிந்து விடியற்காலையில், முகத்தில் அரிதாரம் கலையாமல், துரியோதனனும் பாஞ்சாலியும் ஒரே திண்ணையில் தேநீர் அருந்துவதைப் பார்த்தவர்களுக்கு இப்படத்தின் சுவை விளங்கும். எதிர்காலப் பகுதியின் நடுவே ஒரு மாடுமேய்ப்பன் வேடத்தவர் வேலைக்கு நடந்து போவதைக் கண்டு டிஸ்னி மனம் சுளித்தார் என்பர். 1971இல் புளோரிடாவில் திறந்த இரண்டாவது பூங்காவில் இதற்கென்றே தரைக்கடியில் நடைவழிகள் அமைந்தன. பணியாளர் வந்துபோவது அதன்பின் விருந்தினர் கண்ணில் படுவதில்லை, படத்திலும் விழுவதில்லை.

ஒரு முறை அவர்கள் வேடமின்றித் தெருவில் நின்றார்கள். 1984 இலையுதிர் காலத்தில், ஊதிய உயர்வை நிறுத்தி வைக்கும் ஒப்பந்தத்தை ஏற்க மறுத்து, தொழிற்சங்கத்தினர் 22 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பூங்கா மூடப்படவில்லை, மேலாளர்களும் தற்காலிக ஆட்களும் கடைகளில் நின்றனர். வெளியே வாயிலருகில் அட்டைகளைப் பிடித்து நின்றவர்களின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. மெயின் ஸ்ட்ரீட் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை வேறு உலகம். முகத்தில் சிரிப்பில்லை, கவலை இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது. அரைநூற்றாண்டுப் படங்களுள் அவர்கள் கேமராவை நேராகப் பார்க்கும் படங்கள் அவையே என்று நமக்குத் தோன்றுகிறது.

காலம் சிலவற்றைத் திருத்தியிருக்கிறது. ஆண்ட் ஜெமைமா என்னும் வணிகப்பெயரைக் கைவிடுவதாக உரிமையாளர்கள் 2020இல் அறிவித்தனர். 2021இல் மாவுக்கு வேறு பெயர் வந்தது. அதே 2020 செப்டம்பரில், சிகாகோ இடுகாட்டில் 97 ஆண்டுகளாகப் பெயரின்றிக் கிடந்த இடத்தில் நான்சி கிரீன் என்று பொறித்த கல் நாட்டப்பட்டது.

இவற்றையெல்லாம் படித்த பின் நம் சங்க நூலகத்தின் இரும்பு அலமாரியிலிருந்து பழைய ஆண்டு விழாப் படங்களை எடுத்துப் பார்த்தோம். நாற்காலிகளில் செயற்குழுவினர், கீழே தட்டச்சு செய்து ஒட்டிய பெயர்கள், இடமிருந்து வலமாக. பின்வரிசையில் நிற்போர் பெயரும் உண்டு. அதற்கும் பின்னால், கொட்டகைக் கம்பத்தருகில், தோளில் துண்டும் கையில் கரண்டியுமாக ஒருவர். அவரருகே வாழையிலைக் கட்டுடன் ஒரு பையன். முக்காடிட்டுப் பாத்திரம் துலக்க வந்த உள்ளூர்ப் பெண்கள் இருவர். பொங்கல் விழா என்றால் முந்நூறு இலை விழும். அந்தக் கரண்டி இல்லாமல் விழா ஏது? மூத்தவர்கள் சிலரிடம் படத்தைக் காட்டினோம். “நம்ம சாம்பார் அண்ணா அல்லவா! கும்பகோணத்துப் பக்கம். மிளகாய் கிள்ளிப் போடுவதில் அவரைப் போல் யார்?” என்றார் ஒரு மாமி. ஊர் நினைவிருக்கிறது, கைப்பக்குவம் நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. பையனை ஒருவரும் அறியவில்லை. பெண்கள் இருவரும் கூடாரத்துக்காரர் அழைத்து வந்தவர்களாம்.

படத்தை மீண்டும் சட்டமிடுவதற்கு முன் பின்புறத்தில் பென்சிலால் நான்கு கோடுகள் இட்டு வைத்திருக்கிறோம். முதற்கோட்டின் மேல் ‘சாம்பார் அண்ணா, கும்பகோணம்’ என்று எழுதியாயிற்று. மற்ற மூன்றும் வெறுமையாக உள்ளன. படம் நூலக மேசையின் மீது இருக்கிறது. ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பார்க்கலாம். அறிந்தவர்கள் எழுதலாம், பென்சில் அருகிலேயே இருக்கிறது.